கையடக்க வீடியோ கேம் விளம்பரத்தில் நடிப்பது: யாழ்ப்பாணத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மேடையில் வளர்ந்தவன். பாடசாலை நாடகத்தில் தொடங்கி, கோயில் வெளிகளில் கூத்தாடி, பிற்காலத்தில் மூன்று தொலைக்காட்சி விளம்பரங்களில் நடித்தேன். அவற்றில் இரண்டு கையடக்க வீடியோ கேம் கருவிகளுக்கானவை. இப்போது நாடகமும் அரங்கியலும் பாடம் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் பயிற்சி கொடுக்கிறேன். அந்தப் பிள்ளைகளும் பெற்றோரும் இந்த இரண்டு விளம்பரங்களைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். வாசலில் நின்று அவசரமாகப் பதில் சொல்லும்போது முக்கியமானது விடுபட்டுவிடுகிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

இங்கே அப்படிப்பட்ட விளம்பரங்கள் எடுக்கப்படுகின்றனவா?

குறைவாகத்தான். நின்டெண்டோ, சோனி போன்ற நிறுவனங்கள் தங்கள் பெரிய விளம்பரங்களுக்கு யாழ்ப்பாணத்தில் வந்து நடிகர் தேடுவதில்லை. இங்கே வருகிற வேலை, கருவிகளைத் தருவித்து விற்கும் கடைகளின் விளம்பரம். நல்லூர்க் கந்தனின் 25 நாள் திருவிழாக் காலத்தில் புலம்பெயர்ந்த உறவுகள் ஊரில் வந்து இறங்கியிருப்பார்கள். பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் கை அப்போது தாராளமாக இருக்கும். அதற்குச் சில வாரங்கள் முன்னதாகப் படப்பிடிப்பு நடக்கும்.

உள்ளூர் கேபிள் அலைவரிசைக்கும் கைபேசிக்கும் எடுப்பது இங்கேயே முடிந்துவிடும்: ஒரு வீட்டின் முன்மண்டபம், ஒரு முற்றம், கடையின் கண்ணாடிப் பெட்டி. நாடு முழுவதற்குமான விளம்பரம் என்றால் கொழும்பு. இரவு பஸ்ஸில் ஏறி, விடியற்காலையில் வெள்ளவத்தையில் இறங்கி, முகம் கழுவிக்கொண்டு நேரே ஸ்டூடியோவுக்குப் போனவன் நான். தூங்காத முகத்தை ஒப்பனை முழுதாக மறைக்காது. முடிந்தால் ஒரு நாள் முன்பே போய் உறவினர் வீட்டில் தங்குங்கள்.

வீடியோ கேம் விளையாடத் தெரியாதவர் இதில் நடிக்கலாமா?

நடிக்கலாம். ஆனால் கற்றுக்கொண்டு நடிக்க வேண்டும். இந்த விடயத்தில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று இருக்கிறது.

முதல் விளம்பரத்தில் எனக்கு இளம் மாமா வேடம். மருமகனின் கையிலிருக்கும் கருவியை "ஒருமுறை தா" என்று வாங்கி, இரவுச் சாப்பாட்டுக்கு அக்கா மூன்று தரம் கூப்பிட்டும் எழும்பாமல் விளையாடிக்கொண்டிருக்க வேண்டும். படப்பிடிப்பு நாளில் தயாரிப்பாளர்கள் என் கையில் தந்தது உள்ளே எதுவும் இல்லாத டம்மி. விசைகள் அமுங்கின, அவ்வளவுதான். என்ன விளையாட்டு என்று கேட்டேன். ஓடித் தாவுகிற விளையாட்டு ஏதோ ஒன்று, அதைப் பிறகு பொருத்திக்கொள்வோம் என்றார்கள். நாள் முழுவதும் பெருவிரல்களால் தட்டினேன். இயக்குநர் பாராட்டினார்.

விளம்பரம் ஒளிபரப்பான வாரத்தில் எங்கள் ஒழுங்கையைச் சேர்ந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவன் வந்து கேட்டான்: "மாமா, அவன் தாவும்போதெல்லாம் உங்கள் வலது பெருவிரல் அசையவே இல்லையே. அப்படியென்றால் அவனைத் தாவ வைத்தது யார்?" அவன் கேலி செய்யவில்லை. உண்மையாகவே அறிந்துகொள்ள விரும்பினான். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கருவியை ஆசைப்பட்டு வாங்கப்போகிறவர்கள் அவனைப் போன்ற பிள்ளைகள்தான். அவர்களுக்கு நான் பொய்யான கையைக் காட்டியிருந்தேன்.

ஆகவே வேலையை ஒப்புக்கொள்ளும்போதே திரையில் எந்த விளையாட்டு வரப்போகிறது என்று கேளுங்கள். ஒரு வாரமாவது அதை விளையாடிப் பாருங்கள். கருவி கிடைக்காவிட்டால், அதை வைத்திருக்கும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து கைகளைப் பாருங்கள். இரண்டாவது விளம்பரத்துக்கு முன்பு நான் கேட்டேன். நான்கு நாள் கருவியை என்னிடமே விட்டுவைத்தார்கள். கேட்டால் தருகிறார்கள். முதல் தடவை, தரும்வரை விடாமல் கேட்க எனக்குத் தெரியவில்லை.

படப்பிடிப்பின்போது திரையில் உண்மையிலேயே விளையாட்டு ஓடுமா?

பெரும்பாலும் ஓடாது. நம் நாட்டுத் தொலைக்காட்சிப் படம் விநாடிக்கு 25 சட்டகம், அதாவது 25 தனித்தனிப் படங்கள். கருவியின் திரையோ பொதுவாக விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது திரையில் கறுப்புப் பட்டை உருளும், அல்லது படம் துடிக்கும். அதோடு கண்ணாடியில் விளக்குகளும் கமராவும் ஒளிப்பதிவாளரின் முகமும் தெரியும். அதனால் திரையை அணைத்துவிட்டோ, பச்சைத் தாளை ஒட்டி மூலைகளில் சிறு புள்ளிகள் வைத்தோ படம் பிடிப்பார்கள். விளையாட்டு பின்னர் படத்தொகுப்பில் அந்த இடத்தில் பொருத்தப்படும். உங்கள் கன்னத்தில் விழும் திரை வெளிச்சம்கூடக் கமராவுக்குத் தெரியாமல் பிடித்திருக்கும் ஒரு சிறிய விளக்கிலிருந்து வருவதாக இருக்கலாம்.

இருண்ட ஒரு செவ்வகத்தைப் பார்த்துப் பதற வேண்டும், ஏமாற வேண்டும், வெல்ல வேண்டும். இது எப்படி முடியும் என்று கேட்பவர்களுக்கு நான் எங்கள் ஒழுங்கைக் கதையைச் சொல்வேன்.

நின்டெண்டோவின் கேம்போய் 1989 ஏப்ரலில் ஜப்பானில் வெளிவந்தது. 160க்கு 144 புள்ளிகள் கொண்ட சிறு திரை, பச்சையோடிய நான்கு சாயல்கள், பின்வெளிச்சம் கிடையாது. அதற்கு நான்கு பென்ரோச் பற்றரிகள் வேண்டும். மறு ஆண்டு, 1990 இல், யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையும் வந்தது. தடுக்கப்பட்ட பொருட்களில் பற்றரியும் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. அந்தக் காலத்தில்தான் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுக்கு, கொழும்பில் சில மாதங்கள் இருந்துவிட்டுத் திரும்பிய பையனோடு ஒரு கேம்போய் வந்து சேர்ந்தது. வழியில் பற்றரிகளைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். கருவி மட்டும் வந்தது.

அதை நாங்கள் ஏழு பேர் விளையாடினோம், பற்றரி இல்லாமலே. அது இயங்கிப் பார்த்தவன் அந்த வீட்டுப் பையன் ஒருவன்தான். கிடுகு வேலியோரம் குந்தியிருந்து அவன் சொல்லிக்கொண்டே போவான்: "நீளக் கட்டை வருகிறது. திருப்பு. இடப்பக்கம் தள்ளு. இன்னும். விடு." கையில் வைத்திருப்பவன் அப்படியே திருப்புவான், தள்ளுவான், விடுவான். நான்கு வரிகள் ஒன்றாக மறைந்தன என்று அவன் அறிவித்தால் ஏழு பேரும் துள்ளுவோம். கட்டைகள் மேல்வரை நிறைந்துவிட்டன என்றால் கருவி அடுத்தவன் கைக்கு மாறும். அந்தத் தீர்ப்பை யாரும் மறுத்ததில்லை. மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளியில்லாமல் அடுக்கும் அந்த விளையாட்டின் பெயர் டெட்ரிஸ் என்பது எனக்கு மிகவும் பிந்தித்தான் தெரிய வந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு இயங்குகிற கருவி ஒன்றில் அதை முதன்முதலாக விளையாடியபோது, என் விரல்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது.

விளம்பர நடிப்பும் இதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: எங்கள் விளையாட்டு நடந்ததற்குக் காரணம், ஒருவனாவது அதை உண்மையில் விளையாடியிருந்தான். அவன் இல்லாவிட்டால் ஆறு பிள்ளைகள் ஒரு பிளாஸ்டிக் பெட்டியை அமுக்கிக்கொண்டிருந்திருப்போம். முதல் விளம்பரத்தில் நான் செய்தது அதைத்தான். படப்பிடிப்பில் சொல்பவனும் நீங்கள், விளையாடுபவனும் நீங்கள். ஆகவே ஏதாவது ஒரு கட்டத்தை அரை நிமிடத்துக்கு மனப்பாடம் செய்யுங்கள்: எங்கே பள்ளம் வருகிறது, எங்கே தாவ வேண்டும், எங்கே அடிபடுவேன். இயக்குநர் தொடங்கச் சொன்னதும் அதை மனத்துக்குள் ஓடவிட்டு விளையாடுங்கள். கண்ணும் விரலும் தாமாகவே ஒரே கணத்தில் சேரும்.

கருவியைப் பிடிக்கும் முறை என்ன?

விளையாடத் தெரிந்தவர் கருவியை இறுக்கிப் பிடிப்பதில்லை. அதன் பாரம் பின்புறமுள்ள விரல்களில் கிடக்கும். பெருவிரல்கள் இரண்டும் சுதந்திரமாக இருக்கும். இடப்பக்கத்துச் சிலுவை வடிவ விசையை நின்டெண்டோவின் குன்பெய் யொகோய் 1982 இல் ஒரு கையடக்க விளையாட்டுக்காக வடிவமைத்தார். அதன் மேல் பெருவிரல் தங்கியிருந்து நான்கு பக்கமும் சாயும். தூக்கித் தூக்கிக் குத்தாது. வலப்பக்க விசைகளில்தான் தட்டல். இந்த வேறுபாடு தெரியாத கையை எந்தப் பிள்ளையும் உடனே கண்டுபிடித்துவிடும்.

புதியவர்கள் பலரும் கருவியைக் காரின் ஸ்டியரிங் போல இடமும் வலமும் ஆட்டுகிறார்கள். கார்ப் பந்தய விளையாட்டில் உடல் கொஞ்சம் சாய்வது இயல்பு. மற்றபடி கருவி அசையாமல் இருக்கட்டும். நீங்கள் ஆட்ட ஆட்ட, பிறகு திரைக்குள் படத்தைப் பொருத்துகிறவரின் வேலை கூடும். அந்த டேக்கையே, அதாவது அந்த முறை எடுத்த காட்சியையே, கைவிட்டுவிடுவார்கள்.

வீட்டில் நாம் கருவியை மடியில் வைத்து விளையாடுவோம். அப்படிச் செய்தால் கமராவில் இமைகள் மட்டுமே தெரியும். நெஞ்சுயரத்துக்குக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்வார்கள். முதலில் செயற்கையாகத் தோன்றும், தோள் வலிக்கும். வீட்டில் அந்த உயரத்திலேயே பழகிவிட்டுப் போங்கள்.

வைகாசி, ஆனி வெயிலில் எங்கள் ஊர் முற்றத்தில் படம் எடுத்தால் உள்ளங்கை வியர்க்கும், திரை முழுவதும் விரலடையாளம் படியும். ஒவ்வொரு டேக்குக்கும் முன்பு துடைக்க மென்மையான துணி ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருங்கள். நகங்களை முதல் நாளே வெட்டிச் சுத்தம் செய்துவிடுங்கள். அண்மைக் காட்சியில் உங்கள் நகம் தொலைக்காட்சித் திரையின் பாதியை நிறைக்கும்.

மேடை நாடகமும் கூத்தும் பழகியவருக்கு இது சுலபமா?

பாதி உதவும், பாதி இடைஞ்சல் செய்யும். கூத்தில் கடைசியில் பாய் விரித்திருக்கிற ஆச்சிக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகத் தோளையும் கையையும் விரிக்கிறோம். அண்மைக் காட்சியில் புருவம் ஒரு நூலளவு உயர்ந்தாலே பெரிய செய்தி. வீரசிங்கம் மண்டப மேடையில் எனக்குக் கைதட்டு வாங்கித் தந்த சிரிப்பைக் கமரா முன்னால் செய்தபோது, அது பல் வலிக்காரனின் முகம்போல இருந்ததை நான் மொனிட்டரில் பார்த்தேன். அன்றைக்கே அதை விட்டேன்.

உதவுகிற பாதி, நாம் அரங்க விளையாட்டு என்று சொல்கிற பயிற்சி. 1978 இல் குழந்தை ம. சண்முகலிங்கம் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரிக்குப் பின், வட்டமாக நின்று இல்லாத பந்தை எறிந்து பிடிக்கிற பழக்கம் இங்கே பல பாடசாலைகள் வரை போயிருக்கிறது. இல்லாத பந்தின் பாரத்தைக் கையில் உணர்ந்தவருக்கு, இல்லாத விளையாட்டைத் திரையில் காண்பது எட்டாத காரியம் அல்ல. கொழும்பில் என்னோடு தேர்வுக்கு வந்தவர்களில் பலர் என்னைவிட அழகானவர்கள். அந்த வேடம் எனக்குக் கிடைத்தது இந்தப் பயிற்சியால்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

முகத்தில் என்ன காட்ட வேண்டும்? எப்போதும் சிரிக்கச் சொல்கிறார்களே?

சொல்வார்கள். ஆனால் விளையாடுகிற பிள்ளையைப் பாருங்கள், அது சிரிப்பதில்லை. கண் இமைப்பது குறைந்துவிடும். வாய் கொஞ்சம் திறந்திருக்கும், நாக்கு நுனி எட்டிப் பார்க்கும். இக்கட்டான இடத்தில் மூச்சு நின்று, கடந்த பிறகு வெளியே வரும். வென்றால் ஒரு கணம் முகம் மலரும். உடனே அடுத்த கட்டத்துக்குள் போய்விடும். அந்த ஒரு கணத்து மலர்ச்சிக்குத்தான் மதிப்பு. தொடக்கத்திலிருந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தால் அது எங்கே வந்தது என்றே தெரியாது.

30 விநாடி விளம்பரத்தில் கருவியின் திரை தெரிவது சில விநாடிகள்தான். மீதி நேரமெல்லாம் அந்த விளையாட்டு எப்படிப்பட்டது என்பதை வீட்டில் இருப்பவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் அறிகிறார்கள். இயக்குநர் கேட்கும் சிரிப்பை அவருக்குக் கொடுங்கள். அவர் படம், அவர் முடிவு. பிறகு, "அண்ணா, ஒரே ஒரு டேக் நான் விளையாடுகிறபடி செய்து காட்டட்டுமா?" என்று பணிவாகக் கேளுங்கள். இரண்டாவது விளம்பரத்தில் கடைசியாக ஒளிபரப்பானது அப்படி நான் கேட்டுச் செய்த டேக்தான்.

கமராவைப் பார்க்கலாமா?

எழுதிக் கொடுத்த காட்சியில் அப்படி இருந்தால் மட்டும்.

எவ்வளவு நேரம் எடுக்கும்?

30 விநாடி என்றால் 750 சட்டகங்கள். அதற்கு ஒரு முழு நாள் போகும், சில வேளை இரண்டு. நடிக்கிற நேரத்தைவிடக் கதிரையில் காத்திருக்கிற நேரம் அதிகம். கடைசியில் கருவி மட்டும் தனியாகப் பளபளவென்று தெரிகிறதே, அந்தக் காட்சிக்கு விளக்கு வைப்பதற்கே மணிக்கணக்கு ஆகும். அதில் உங்களுக்கு வேலை இல்லை. ஆனாலும் போய்விடாதீர்கள், கையை மட்டும் காட்டக் கூப்பிடுவார்கள்.

கை மட்டும் தெரிகிற வேலைக்குத் தனியாக ஆள் எடுப்பார்களா?

எடுப்பார்கள். நடிகருக்கு விளையாடத் தெரியாவிட்டால், அண்மைக் காட்சிக்கு நன்றாக விளையாடுகிற இன்னொருவரின் கையைப் பயன்படுத்துவது வழக்கம். தோல் நிறம் பொருந்த வேண்டும். வெட்டுக்காயம், மருதாணி, அண்மையில் கட்டிய கோயில் நூல் எதுவும் இருக்கக்கூடாது. முகம் தெரியக் கூச்சப்படுகிற, ஆனால் விளையாட்டில் கெட்டிக்காரப் பிள்ளைகள் நம் ஊரில் நிறைய. அவர்களுக்கு இது நல்ல தொடக்கம்.

எனக்கு 60 வயது. இப்படிப்பட்ட விளம்பரத்துக்கு என்னை யார் கூப்பிடுவார்கள்?

கூப்பிடுவார்கள், ஐயா. இந்தக் கருவிகள் சிறுவர்களுக்கு மட்டும் என்ற எண்ணத்தை நின்டெண்டோ டிஎஸ் உடைத்தது. 2004 இல் வந்த அந்த இரட்டைத் திரைக் கருவி 15 கோடிக்கு மேல் விற்றது. மூளைப் பயிற்சி விளையாட்டுகளால் வயது வந்தவர்கள் பலர் அதை வாங்கினார்கள். 2007 இல் ஐரோப்பிய விளம்பரங்களில் நடிகை நிக்கோல் கிட்மன் அதைக் கையில் வைத்திருந்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது 2011 இல் வந்தது. நடிகர் ரொபின் வில்லியம்ஸ் தன் மகளுக்கு, தான் விரும்பி விளையாடிய வீடியோ கேமில் வரும் இளவரசியின் பெயரான செல்டா என்பதைச் சூட்டியிருந்தார். அந்த விளையாட்டுத் தொடரில் ஒன்று நின்டெண்டோவின் 3டிஎஸ் கையடக்கக் கருவியில் வந்தபோது தந்தையும் மகளும் சேர்ந்தே விளம்பரத்தில் தோன்றினார்கள். அதில் தெரிகிற பாசத்தை எந்த இயக்குநராலும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

போல் ரட் என்ற நடிகர் 1991 இல், பெயர் தெரியாத இளைஞராக, சூப்பர் நின்டெண்டோ விளம்பரத்தில் நடித்தார். அது தொலைக்காட்சியோடு இணைக்கும் கருவி. பின்னர் பெரிய திரைப்பட நடிகரானார். 2025 இல் நின்டெண்டோவின் சுவிட்ச் 2 கருவி வந்தபோது, 34 ஆண்டுகளுக்கு முன் அணிந்தது போன்ற நீளமான கோட்டோடு மறுபடியும் வந்து நடித்தார். ஆகவே சிறிய வேலை என்று எதையும் அலட்சியமாகச் செய்யாதீர்கள். தாத்தா, பேரன் வேடங்கள் இங்கே எழுதப்படும்போது தாத்தாவை நம் நாடகக்காரர்களில்தான் தேடுகிறார்கள்.

என் மகளுக்கு எட்டு வயது. நடிக்க விடலாமா?

பிள்ளைக்கு விருப்பமா என்று முதலில் பிள்ளையிடமே கேளுங்கள், அம்மா. பக்கத்து வீட்டாரின் விருப்பமோ நம் விருப்பமோ கணக்கில்லை.

இலங்கையில் வேலைக்கு அமர்த்துவதற்கான குறைந்தபட்ச வயது 2021 முதல் 16. ஆகவே சிறு பிள்ளையை நடிக்க வைப்பவர் அதற்கான அனுமதி பற்றித் தொழில் திணைக்களத்தில் கேட்டிருக்கிறாரா என்று விசாரியுங்கள். தெளிவான பதில் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். பாடசாலை நாளில் படப்பிடிப்பு வேண்டாம். பெற்றோரில் ஒருவர் பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் முழு நேரமும் இருக்க வேண்டும். உடை மாற்றும் அறைக்கு நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். எந்தத் தவறான நடத்தையைக் கண்டாலும் தயங்காமல் 1929 என்ற எண்ணுக்கு அழையுங்கள்; அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் எண்.

இன்னொன்று. பிள்ளைக்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால், விளையாட்டைப் பழகுவதற்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள், படப்பிடிப்புக் குழுவிடமும் சொல்லுங்கள். வேகமாக மின்னும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டும். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூன் தொடரில் வந்த சிவப்பு, நீல மின்னலைப் பார்த்து நூற்றுக்கணக்கான பிள்ளைகள் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கருவியோடு வரும் கையேட்டிலும் இந்த எச்சரிக்கை இருக்கிறது. கூடவே, மணிக்கு ஒருமுறை 10 முதல் 15 நிமிடம் ஓய்வு எடுக்கவும் நின்டெண்டோ சொல்கிறது. படப்பிடிப்புத் தளத்திலும் அந்த ஓய்வைக் கேட்டு வாங்குங்கள்.

வசனம் எந்தத் தமிழில் இருக்கும்?

என்னை அதிகம் நோகச் செய்கிற கேள்வி இது. நாட்டின் பெரும்பாலான விளம்பரங்கள் முதலில் சிங்களத்தில் எழுதிப் படமாக்கப்படுகின்றன. தமிழ் பின்னர் ஒட்டப்படுகிறது. சிங்கள வசனத்தின் உதட்டசைவுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக, எந்த வீட்டிலும் பேசாத தமிழ் ஒன்று பிறக்கிறது. நம் பிள்ளைகள் அதைத்தான் நாள் முழுவதும் கேட்கிறார்கள்.

நடிகரால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தமிழுக்கென்று தனி டேக் எடுக்கும்படி முன்கூட்டியே கேளுங்கள். கமராவும் விளக்கும் ஏற்கெனவே நிற்கின்றன. கூடுதலாகச் சில நிமிடங்கள்தான் செலவாகும். தாளில் எழுதித் தந்த தமிழ் பிழையாக இருந்தால் அமைதியாகத் திருத்தம் சொல்லுங்கள். மாமா என்று கூப்பிட வேண்டிய இடத்தில் அங்கிள் என்று எழுதியிருந்ததை நான் மாற்றக் கேட்டேன். மாற்றினார்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்டு அச்சுவேலியிலிருந்து ஒரு தாய் எனக்குத் தொலைபேசியில் நன்றி சொன்னார்.

எனக்குத் தந்த வசனம் உண்மையில்லை என்று தெரிந்தால்?

சொல்லாதீர்கள். சோனியின் கையடக்கக் கருவியான பிளேஸ்டேஷன் வீட்டாவுக்கு நடந்ததை அறிந்துகொள்ளுங்கள். வீட்டில் பிளேஸ்டேஷன் 3 இல் விளையாடிக்கொண்டிருப்பதை நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து வெளியே வீட்டாவில் தொடரலாம் என்று அமெரிக்க விளம்பரங்கள் காட்டின. எல்லா விளையாட்டுக்கும் அது முடியாது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் இதை எடுத்துக்கொண்டது. 2014 நவம்பரில் வந்த தீர்வின்படி, வாங்கியவர்களுக்கு 25 டொலர் பணம் அல்லது 50 டொலர் பெறுமதியான பொருள் கொடுக்க நிறுவனம் உடன்பட்டது. விளம்பர முகவர் நிறுவனத்தின் ஊழியர்கள் தங்கள் தொடர்பை மறைத்து டுவிட்டரில் அந்தக் கருவியைப் புகழ்ந்ததும் குற்றச்சாட்டில் இருந்தது.

நம் நாட்டிலும் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தவறாக வழிநடத்தும் கூற்றுகளைத் தடுக்கிறது. "பற்றரி நாள் முழுவதும் நிற்கும்" என்று சொல்லச் சொன்னால், நான்கு நாள் வைத்து விளையாடிய உங்களுக்கு அது நிற்குமா இல்லையா என்று தெரிந்திருக்கும். கருவியை முன்கூட்டியே கேட்டு வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பணத்தைப் பற்றி எப்படிப் பேசுவது?

கூச்சப்படாமல், எழுத்தில். இரண்டு தொகைகள் இருக்கின்றன: அன்றைய நடிப்புக்கான கூலி ஒன்று, உங்கள் முகத்தைப் பயன்படுத்துவதற்கான தொகை இன்னொன்று. எத்தனை மாதத்துக்கு, எந்தெந்த அலைவரிசையில், இணையத்தில் போடுவார்களா, பதாகையிலும் பெட்டியிலும் அச்சிடுவார்களா என்பதெல்லாம் தாளில் இருக்க வேண்டும். போட்டிக் கருவி விளம்பரத்தில் எவ்வளவு காலம் நடிக்கக்கூடாது என்பதும் இருக்க வேண்டும். தாள் உங்களுக்கு விளங்காத மொழியில் இருந்தால், விளங்கிய பிறகே கையெழுத்து.

என் முதல் விளம்பரத்துக்கு ஓராண்டு என்று வாயால் சொன்னார்கள். மூன்றாம் ஆண்டிலும் ஓடியது. ஒருநாள் பஸ் தரிப்பிடத்துக்கு அருகில் என் முகம் பதாகையில் தொங்கியது. தொலைபேசியில் கேட்டேன், அப்படி எங்கே எழுதியிருக்கிறது என்று திருப்பிக் கேட்டார்கள். காட்ட என்னிடம் தாள் இல்லை. அந்தப் பதாகை வெயிலில் வெளுத்துக் கிழியும்வரை நான் அந்த வழியால் போகவில்லை.

நடித்த கருவியை எடுத்துக்கொள்ளலாமா?

தாளில் எழுதியிருந்தால் மட்டும்.

பிள்ளைகளை விளையாட்டுக்கு அடிமையாக்கும் வேலை இல்லையா இது?

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம் கோபத்தோடு கேட்டது. அவருடைய கவலை நியாயமானது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் வீடியோ கேம் சார்ந்த கோளாறு 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதனால் இரண்டாவது விளம்பரத்தில் ஒரு காட்சியை மறுத்தேன். பையன் பாடக் கொப்பியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கருவியை எடுப்பதாக எழுதியிருந்தது. கொப்பியை முடித்து அடுக்கி வைத்துவிட்டு எடுக்கட்டும் என்றேன். நீண்ட வாக்குவாதம் நடந்தது. கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள்.

விளையாட்டையே வெறுக்க என்னால் முடியாது. இயங்காத கேம்போய் ஒன்று, வெளியே ஷெல் விழுந்த மாலைகளில், ஏழு பிள்ளைகளை ஒரு வேலியோரம் ஒன்றாக வைத்திருந்தது.

நாளை முதல் படப்பிடிப்பு. என்ன கொண்டு போவது?

கோடு போட்ட சட்டை வேண்டாம், கமராவில் அலைபோல மினுங்கும். வெற்று நிறத்தில் இரண்டு சட்டைகள் எடுங்கள். துடைக்கும் துணி, நகவெட்டி, தண்ணீர், ஒப்பந்தத்தின் பிரதி. காலைச் சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். கருவியைக் கையில் தந்ததும், பற்றரியில் சார்ஜ் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், அவர்கள் விளக்கைச் சரிசெய்து முடிக்கும்வரை அதைக் கீழே வைக்காமல் விளையாடிக்கொண்டே இருங்கள்.